மடிச்சூடு

என் பெயர் கார்முகில். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் வடலூர் பக்கம். இப்போது சார்ஜாவில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் அடுப்புப் பக்கம் வேலை. எங்கள் அக்கா செவ்வந்தியின் புருஷன் கலைச்செல்வன் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் நாற்காலி இளகிவிடும். வீட்டில் ஆளாளுக்குப் போனில் சொன்னதையும், ஊரில் இருந்தபோது நானே பார்த்ததையும் சேர்த்து வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும்.

நெய்வேலியில் அனல் மின் நிலையத்தின் பாய்லர் பக்கம் கலைச்செல்வன் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கோடையில் அது தொடங்கியது. அங்கே ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வருகிற எல்லோருக்கும் உடம்பு கொதிக்கும். குளித்து, மோர் குடித்துப் படுத்தால் இறங்கிவிடும். இவருக்கு மட்டும் முழுதாக இறங்கவில்லை. தலை ஆறியது, நெஞ்சு ஆறியது, கால் ஆறியது. மடியில் மட்டும் தங்கிவிட்டது. டவுன்ஷிப் டீக்கடையில் முதல் நாற்காலி இளகியபோது கடைக்காரர் மட்டமான சரக்கு என்று விற்றவனைத் திட்டினார். மூன்றாவது இளகிய பிறகு மர பெஞ்சைக் காட்டினார். குவித்து வைத்த பழுப்பு நிலக்கரி யாரும் கொளுத்தாமலே புகைவதைத் தினமும் பார்க்கிற ஊர் அது. ஒரு மனிதன் தானாகச் சூடாவதில் யாருக்கும் கேட்க எதுவும் இருக்கவில்லை. கல்யாண மண்டபங்களில் அவருக்கென்று ஒரு இரும்பு நாற்காலி எடுத்து வைத்தார்கள். பைக் சீட்டின்மேல் ஈரச் சாக்கு போட்டுக்கொண்டார். மழைக்காலத்தில் காயாத யூனிபார்மை அவருடைய அம்மா மாணிக்கம்மாள் அவர் தொடைமேல் விரித்துப் போடுவார். பேப்பரைப் படித்து முடிப்பதற்குள் அது இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிடும். மார்கழியில் இட்லி மாவு புளிக்காதபோது சட்டியை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்ப்பார். தெருப் பூனைகள் இரண்டு அந்த மாதம் முழுக்க அவரை விட்டு நகராது.

அந்த வீடு செய்த தவறு ஒன்றுதான். அந்தச் சூட்டை அவர்கள் ஆண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பஜ்ஜித் தட்டு வருவதற்குள் மாப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலியின் நான்கு கால்களும் அகன்று அவர் தரையோடு தரையாக இறங்கிவிட்டார். எங்கள் அப்பா பதறி எழுந்தார். மாணிக்கம்மாள் சிரித்தார்.

“ஒண்ணும் பதறாதீங்க சம்மந்தி. எம் புள்ள சூட்டு ஒடம்பு. பாய்லரையே மடியில கட்டிகினு வர்றவன். கல்யாணமாயி வருஷம் திரும்பறதுக்குள்ள பேரப்புள்ள, எழுதி வெச்சிக்கங்க.”

எங்கள் அம்மா அடுக்களையிலிருந்து, “சேரு போனா போவுது, மாப்ள நல்லாருந்தா சரி” என்றார். மாப்பிள்ளையின் அப்பா சக்கரபாணி, மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டி வந்தவர். அவர் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம்மாள் பேசி முடித்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். அக்கா அப்போது பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கம்பெனியில் பருப்புத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தாள். சொத்தையை ஒரு பார்வையில் தனியே தள்ளிவிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளும் சரி என்றாள்.

வருஷம் திரும்பியது. இன்னொன்றும் திரும்பியது. முதலில் சோதித்தது அக்காவை. இரண்டாவது சோதித்ததும் அக்காவை. ஸ்கேன் எடுத்தார்கள்; கர்ப்பக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தைச் செலுத்திப் படம் பிடித்தார்கள்; அன்றைக்கு அவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்ளப் பழகினாள். தினம் காலையில் கண் விழித்ததும் வாயில் தெர்மாமீட்டர் வைத்து உடம்புச் சூடு பார்க்கச் சொன்னார்கள். பக்கத்தில் படுத்திருந்தவரின் பாய் கருகியிருப்பதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விரதம், அரசமரம் சுற்றுவது, ஈரப்புடவையோடு கோவில் தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு தின்பது என்று எல்லாம் நடந்தது. எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருந்தது. சரியாக இருந்ததால்தான் மாணிக்கம்மாளுக்குக் கோபம். குறை என்று ஒன்று கண்டுபிடித்திருந்தால் அதன்மேல் பழி போட்டிருப்பார்; இல்லாததால் ஆள்மேலேயே போட்டார்.

ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, “மருமவ ஏதாச்சும் விசேஷமா?” என்று கேட்டபோது முதல் தடவை சொன்னார்: “ஒலை தளதளன்னு கொதிக்குதுடி. பானை ஓட்டைன்னா ஒலை என்னா பண்ணும்?” வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா சர்க்கரைப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கலைச்செல்வன் உட்கார்ந்த மரக்கட்டிலில் முதல்முறையாகத் தீய்ந்த வாசனை வந்தது. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பிள்ளையார் கோவில் வாசலில் மாணிக்கம்மாள் அதையே சொன்னார். மறுநாள் பைக் சீட்டின் ஈரச் சாக்கு பாதி வழியில் காய்ந்தது. நாத்தனார் இசைப்பிரியாவின் வளைகாப்பில், அக்கா வளையல் தட்டை எடுத்துக்கொண்டு முன்னே வந்தபோது, கூடியிருந்த பெண்கள் முன்னால் கையைப் பிடித்து நிறுத்தி, “நீ இதத் தொடாத. கூடத்துக்கு வராத. உள்ள போயி புளிசாதத்த கிண்டு” என்றார். இசைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா புளிசாதம் கிண்டினாள். அந்த வாரம் கலைச்செல்வனின் ஜீன்ஸ் பேண்ட் ஜிப் பழுத்துச் சிவந்தது. மாணிக்கம்மாள் தெருவில் அதையும் பெருமையாகச் சொன்னார்.

கலைச்செல்வனுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து உட்காரும் வைத்தியரை யாருக்கும் தெரியாமல் பார்த்தார். அவர் நாடி பிடித்து, கையை உதறிக்கொண்டு, சூடு போதவில்லை என்று சொல்லி ஒரு டப்பா லேகியம் கொடுத்தார். அதற்கு மேல் வீட்டில் ஸ்டவ் இல்லாமலே பால் காய்ந்தது.

ஆறாவது வருஷம் கடலூரில் நித்யா என்ற டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டிவிட்டு, “இதுல எல்லாமே இவங்களோடதுதான் இருக்கு. அவரோடது எங்க?” என்று கேட்டார்.

“அவனுக்கு எதுக்குங்க டெஸ்டு? அவனத் தொட்டா கை வேகுது” என்றார் மாணிக்கம்மாள்.

“கை வேகறதுக்கு நான் டெஸ்ட் எழுதலம்மா. விந்தணு இருக்கா இல்லையான்னு பார்க்கணும். அது வராம இனி இவங்களுக்கு ஒரு ஊசிகூட எழுத மாட்டேன்.”

வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், குளிர்ந்து போகாமல் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சிறு டப்பாவைக் கொடுத்தார்கள். கலைச்செல்வன் மூன்று நாள் அந்த டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அதே பாய்லரில் கூட வேலை பார்க்கும் பெரியண்ணன் என்பவரிடம் கொடுத்தார். பெரியண்ணன் நான்கு பிள்ளைகளின் தகப்பன். உதவி என்று கேட்டால் மறுக்காத மனுஷர். ஒரு பிரியாணிக்கும் நட்புக்கும் டப்பாவை நிரப்பிக் கொடுத்தார். கலைச்செல்வன் அதை டாக்டர் சொன்னபடியே குளிர்ந்து போகாமல், உடம்போடு ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு கடலூருக்குப் பைக்கில் போனார். லேப் டெக்னீஷியன் பிரபாவதி டப்பாவைத் திறந்தபோது உள்ளே முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் கெட்டியாக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒன்றுகூட உயிரோடு இல்லை. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கலைச்செல்வன் ரிப்போர்ட்டைக் கிழித்து வழியிலேயே போட்டுவிட்டு, நார்மல் என்று வீட்டில் சொல்லிவிட்டார். மாணிக்கம்மாள் அன்றைக்கே தரகரைக் கூப்பிட்டார். ஆவணி பிறந்ததும் பையனுக்கு வேறு பெண் பார்ப்பது, செவ்வந்தியை வடலூருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. எங்கள் அப்பாவுக்குத் தகவல் சொன்னார்கள். அப்பா முந்திரித் தோப்புக் கூலி வேலைக்குப் போகாமல் ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அக்கா மட்டும் போனில் அழவில்லை. “நான் என்னா தப்பு பண்ணேன்னு ஒருத்தன் சொன்னா போதும், நானே கெளம்பிடறேன்” என்றாள்.

அதை அவிழ்த்தது பிரியாணிதான். சாப்பிட்டுக்கொண்டே கலைச்செல்வன், “அண்ணே, ஒங்களோடது செத்துப்போயிருந்திச்சாம்ணே” என்று சொல்லிவிட்டார். பெரியண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போய் நான்கு பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொன்றின் மூக்கையும் பார்த்தார். அவர் மனைவி செந்தாமரை டவுன்ஷிப்பில் ரோடு பெருக்கும் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் துடைப்பத்தை எடுத்தாள். பெரியண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைச் சட்டையைப் பிடித்து பஸ் ஏற்றி அதே லேபுக்குக் கொண்டுபோய், அங்கேயே எடுத்துக் கொடுக்க வைத்தாள். பிரபாவதி கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே, “எறும்புப் புத்து மாதிரி இருக்குக்கா” என்றார்.

மறுநாள் காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் செந்தாமரை வடக்குத்து வந்தாள். தெருக்குழாயில் குடங்கள் வரிசையில் இருந்தன. அக்காவின் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது.

“மாணிக்கம்மா! வெளிய வாங்க. நாலு புள்ள பெத்தவ வந்திருக்கேன், வெளிய வாங்க!”

“யாருடி அது காலங்காத்தால?”

“பெரியண்ணன் பொண்டாட்டி. எம் புருஷன்கிட்டேர்ந்து ஒம் புள்ள ஒரு பொருளு வாங்கினு வந்தானே, அத கேக்க வந்தேன்.”

“என்னா பொருளு? சைக்கிள் பம்பா?”

“பம்பு உங்க வூட்டுல வேலை செய்யலன்னுதான எங்க வூட்டுல வந்து வாங்கியிருக்கான்!”

குழாயடியில் சிரிப்பு ஓடியது. செந்தாமரை சிரிக்கவில்லை. டப்பாவையும், கடலூரையும், பிரபாவதியையும், தன் பிள்ளைகளின் மூக்கையும் பற்றித் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். “உசுரோட குடுத்தத ஒம் புள்ள தொடையில வெச்சி வேகவெச்சி எடுத்துகினு போயிருக்கான். அவன் மடியில எதுவும் பொழைக்காது, தெரிஞ்சிக்க. அடுத்தவன் விதையே பொழைக்கல, அவன் விதை எங்கேர்ந்து பொழைக்கும்? இந்தப் பொண்ண ஓட்டைப் பானைன்னியே, வாய் கூசல?”

குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அக்கா குழாயை மூடவில்லை. அப்படியே வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

“நெசமா?”

“ஆம்பள மானம் போயிடுமேன்னு…”

“எம் மானம்?”

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். “பைக்க எடுங்க” என்றாள் அக்கா.

இந்தமுறை டாக்டர் நித்யா அவரையே சோதித்தார். கையுறை இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, அவருக்கு மட்டும் கல்பெஞ்சைக் காட்டி, மெதுவாகச் சொன்னார். “இது ஏன் உடம்புக்கு வெளிய தொங்குது தெரியுமா? உடம்புச் சூடே அதுக்கு ஜாஸ்தி. கொஞ்சம் குளிர்ச்சியா, காத்தாட இருந்தாதான் விந்தணு உண்டாகும். உங்களுக்கு அங்க ரத்தக்குழாய் புடைச்சுச் சுருண்டு கிடக்கு. வெரிகோசில்னு பேரு. அதனால சூடு அங்கயே தேங்குது. அதுக்கு மேல பாய்லர். அதுக்கு மேல டைட் ஜீன்ஸ், பீடி, லாட்ஜ் லேகியம்.”

“அப்ப சூடு நல்லதில்லீங்களா?” என்றார் மாணிக்கம்மாள்.

“கொழம்புக்கு நல்லது.”

சின்ன ஆபரேஷன்தான், எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இவர் வயசுக்குச் செய்து பார்க்கலாம், புதிதாக அணு உண்டாக மூன்று மாதமாவது ஆகும், அப்படியும் வரவில்லையென்றால் வேறு வழிகள் இருக்கின்றன என்றார். தேதி குறித்துக் கொண்டுபோனார்கள். மேஜைமேல் படுக்கவைத்து மயக்கம் கொடுத்து, கத்தியை வைத்தபோது கத்தி வெயிலில் வைத்த மெழுகுவர்த்திபோல வளைந்தது. இரண்டாவது கத்தியும் வளைந்தது. தையல் நூல் புகைந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, “ஆற வெச்சுக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார்.

ஆறவைக்க அந்தக் குடும்பம் என்னென்னவோ செய்தது. பாய்லர் வேலையிலிருந்து மாற்றிக்கொண்டு கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். வேட்டிக்கு மாறினார். பீடியை விட்டார், லேகியத்தைச் சாக்கடையில் கொட்டினார். சாக்கடையில் ஒரு வாரம் ஆவி வந்தது. நுங்கு, வெந்தயம், நல்லெண்ணெய்க் குளியல் என்று எதுவும் பாக்கியில்லை. கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் வண்டிக்காரர்கள் ஐஸ் பாளங்களைக் கொண்டுவந்து வீட்டுப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியில் இறக்கினார்கள். அவர் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். தெருப் பெண்கள் வெந்நீர் மொண்டுகொண்டு போனார்கள்.

மாணிக்கம்மாள் ரேஷன் கடைக்குப் போன ஒரு நாளில்தான் அது தெரிந்தது. வரிசையில் நின்ற பெண்கள் விடவில்லை. “ஒலை கொதிக்குதாமே பெரியம்மா, அரிசி போட்டீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். “ஐஸ்ல வெச்சாலும் கொதிக்குதாமே” என்றாள் இன்னொருத்தி. மாணிக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஆமாண்டி! குத்தம் எம் புள்ளகிட்டதான். எம் மருமவ மேல ஒரு குத்தமும் இல்ல. போதுமாடி?” என்று கத்திவிட்டுப் பாமாயிலை வாங்காமலே திரும்பினார். அந்த நேரம் தொட்டியில் இருந்த கலைச்செல்வனுக்கு சூடு பிடித்த நாளிலிருந்து முதல்முறையாகக் குளிரெடுத்துப் பல் கிட்டியது. பக்கத்தில் நின்ற சக்கரபாணி தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். கடையில் மாணிக்கம்மாள் கத்திய செய்தி அதற்குள் தெருவழியே வந்து சேர்ந்திருந்தது. பெண்டாட்டி வீட்டுக்குள் நுழைந்ததும், கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக அவர் வாயைத் திறப்பதற்குள் பேசினார்.

“நீ பேசப் பேச ஏறிச்சி. நீ மாத்திப் பேசுனா எறங்குது. போயி மாத்திப் பேசு.”

எங்கெங்கே என்ன சொன்னோம் என்பது மாணிக்கம்மாளுக்கு நினைவில்லை. அக்காவுக்கு நினைவிருந்தது. எந்த இடம், எந்தக் கிழமை, யார் யார் இருந்தார்கள், யார் முதலில் சிரித்தார்கள் என்பதுவரை இருந்தது. பீரோவைத் திறந்து கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். மாமனாரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். பிள்ளையார் கோவில் வாசலில் அதைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களை மாணிக்கம்மாளே வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்திருந்தார்.

“குத்தம் எம் மருமவமேல இல்ல” என்றார் மாணிக்கம்மாள்.

“கேக்கல அத்த.”

“குத்தம் எம் மருமவமேல இல்ல!”

“அப்பறம் யாருமேல? பின்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா?”

சொன்னார். வீட்டில் ஒரு படி சூடு இறங்கியது. இப்படி மாதக்கணக்கில் நடந்தது. சட்டம் என்னவென்று போகப் போகத் தெரிந்துகொண்டார்கள். அதே இடமாக இருக்க வேண்டும். அதே காதுகள் கேட்க வேண்டும். ஒரு காது குறைந்தாலும் முழுதாக இறங்காது. திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்ட ஒருத்திக்கு வீடியோ காலில் சொல்லிப் பார்த்தார்கள், பாதி இறங்கியது. அவளைப் பொங்கலுக்கு வரவழைத்து மீதியை இறக்கினார்கள். ஒரு கிழவர் இதற்குள் செத்துப்போயிருந்தார். மாணிக்கம்மாள் சுடுகாட்டுக்குப் போய் அவரை எரித்த இடத்தில் நின்று சொன்னார். சரியாக இறங்கியது. வளைகாப்புக்கு இசைப்பிரியாவின் மாமியார் வீட்டிலிருந்து எல்லோரையும் திரும்ப அழைத்தார்கள். அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது பால்வாடிக்குப் போகிறது; அதுவும் வந்து முறுக்குத் தின்றது. அக்கா மணையில் உட்கார்ந்தாள். இசைப்பிரியா தானாகவே முன்னால் வந்து, “அண்ணி, அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்” என்று சொல்லி இரண்டு கையிலும் வளையல் அடுக்கினாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. “அத்த எங்க?” என்று கேட்டாள். “உள்ள புளிசாதம் கிண்டறாங்க” என்றார்கள். “கிண்டட்டும். அடி புடிக்காம கிண்டச் சொல்லுங்க. முடிச்சிட்டு வந்து பேசட்டும்.” இதைப் போனில் கேட்டபோது எங்கள் அம்மா மனசு கேட்காமல், “போதும்டி, வயசானவ” என்றார். அக்கா, “எனக்கு வயசு ஆவலியா?” என்றாள். எனக்கும் அதில் வருத்தம் இல்லை. நானும் இங்கே அடுப்புப் பக்கத்திலிருந்து அறைக்கு வந்ததும் உட்காருகிற ஸ்டூல் இளகியிருக்கிறதா என்று தினம் அமுக்கிப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வருத்தம் இல்லை.

சித்திரையில் கத்தி வளையாமல் இருக்கும் அளவுக்கு ஆறிவிட்டார். டாக்டர் நித்யா ஆபரேஷனை முடித்தார். ஆடி கழிந்து டெஸ்ட் எடுத்தபோது பிரபாவதி மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, அங்கங்கே நீந்துவது தெரிகிறது என்றார். அடுத்த டெஸ்டில் இன்னும் கூடியிருந்தது. மாணிக்கம்மாள் லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். டாக்டர் இனி நீங்களே முயற்சி பண்ணலாம் என்றபோது அக்கா, “யாரு முயற்சி பண்றது?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து, புருஷனின் பாயைச் சுருட்டி மாடிக்கு அனுப்பினாள். மறுநாள் முந்திரிக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள், கொடுத்தார்கள். மாணிக்கம்மாள் வாசலில் வந்து நின்று, எல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டார். அக்கா, இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள். கலைச்செல்வனின் உடம்பும் அதையே சொன்னது. தொட்டால் சுடாது, ஆனால் வேட்டி மட்டும் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது.

அது பஸ்ஸில் சொன்னது. பலாப்பழ சீசன்; பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் டவுன் பஸ், நிற்க இடமில்லாத கூட்டம். ஸ்கேன் எடுத்துவிட்டு மாமியாரும் மருமகளும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நின்றுகொண்டிருந்த ஒரு பெண், எல்லோரும் செய்வதுபோல், தன் கைக்குழந்தையை உட்கார்ந்திருந்த அக்காவிடம் கொடுத்தாள். குழந்தை அக்காவின் தாலிக்கயிற்றைப் பிடித்துச் சப்பிக்கொண்டு மடியில் உட்கார்ந்தது. மாணிக்கம்மாள் அந்தப் பெண்ணிடம் சத்தமாக, “பாத்தும்மா. அது வெறும் கூடு. அது மடியில ஒண்ணும் தங்காது” என்றார். பஸ் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் குனிந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். குழந்தை கயிற்றை விடாமல் இழுத்தது. விரலைப் பிரித்து எடுத்தாள். நெய்வேலி ஆர்ச் கேட் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. எனவே மாணிக்கம்மாள் தினமும் காலையில் அதே பஸ் பண்ருட்டிக்குப் போகும்போது ஏறி, டிரைவர் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்து நின்று, தன் மருமகள் வெறும் கூடு இல்லை, குறை தன் பிள்ளையிடம் இருந்தது, தான் சொன்னது பொய் என்று சொல்கிறார். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லாததால் செலவில்லை. அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிற அக்கா சன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருகிறாள். மாமியாருக்கு யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அவர் நிற்கட்டும் என்கிறாள். கண்டக்டர் பழகிவிட்டார். “சொல்லிட்டீங்களா பெரியம்மா? ரைட்!” என்று விசில் கொடுக்கிறார். அன்றைய பஸ்ஸில் இருந்த சிலர் இப்படி மறுபடி மாட்டியிருக்க வேண்டும், வேட்டி இப்போது முன்னளவு வெதுவெதுப்பாக இல்லை என்று சக்கரபாணி சொல்கிறார். ஆனால் முழுதாக ஆறவில்லை. கலைச்செல்வன் மாடியில் படுத்திருக்கிறார். பிள்ளை பெறுவதா வேண்டாமா, அந்த வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பதை எல்லாம் குழந்தையை வாங்கிக்கொண்டு போன அம்மாவின் அந்தக் கடைசிக் காது கேட்ட பிறகு சொல்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவர் ஆறினாலும் ஆறாவிட்டாலும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காது அதைக் கேட்பது அக்காவுக்கு வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், பலாப்பழ சீசனில், மஞ்சள் கவுன் போட்ட கைக்குழந்தையோடு ஆர்ச் கேட்டில் இறங்கிய அம்மா யாராவது இதைப் படித்தால், அல்லது அவரைத் தெரிந்தவர்கள் படித்தால்: உங்கள்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் சண்டைக்குக் கூப்பிடவில்லை. பண்ருட்டிக்குக் காலையில் போகும் அந்த டவுன் பஸ்ஸில் ஒருநாள் ஏறுங்கள். மாணிக்கம்மாள் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். இடம் இருந்தாலும் உட்காராதீர்கள். குழந்தை இப்போது வளர்ந்திருக்கும், கனமாக இருக்கும், பரவாயில்லை. சன்னல் ஓரம் இருக்கும் எங்கள் அக்காவிடம் கொடுங்கள். இறங்கும்வரை திருப்பி வாங்காதீர்கள்.